பாபரா ஹெக் நடந்த வழியில் ஐந்து நாட்கள்

முதல் நாள்: ரொறன்ரோவிலிருந்து தெற்கே

காலை ஐந்தரைக்கு ஸ்காபரோவிலிருந்து புறப்பட்டோம். கார் ஓட்டுவது மகள். பின்சீற்றில் இடியப்பப் பெட்டி, சம்பல், பிளாஸ்கில் தேநீர். சக்கர நாற்காலியில் வாசல்வரை வந்த அம்மா எங்கள் இருவர் தலையிலும் கைவைத்து ஜெபம்பண்ணினார். “அந்த மனிசியின்ர சேமக்காலைக்குப் போனால் எனக்காகவும் ஒரு பூ வைச்சிட்டு வாங்கோ” என்றார். அம்மாவுக்கு வயது 84. தானும் வரவேண்டும் என்றுதான் ஆசை. நியூயோர்க் வரைக்கும் பத்து மணி நேரம் காரில் இருக்க முடியாது என்று நாங்கள்தான் தடுத்துவிட்டோம்.

அந்த மனிசி பாபரா ஹெக். மூன்று வருடங்களுக்கு முன் மொன்றியலில் ஒரு கலியாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, பெருந்தெருவில் நெரிசல் என்று சென். லோறன்ஸ் நதியோரத்துப் பழைய வீதியால் வந்தோம். பிரெஸ்கொற் என்ற சிறிய ஊரைத் தாண்டியதும் ஒரு மயானம். அதன் நடுவே நீலநிற மரக்கோவில் ஒன்று. கால் நீட்டலாம் என்று இறங்கினோம். அங்கே நின்ற கல்லில் இந்தப் பெயர் இருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் மெதடிஸ்த சபை வேர்விடக் காரணமான பெண் என்று வாசித்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் பிறந்ததே மெதடிஸ்தக் குடும்பத்தில். படித்தது மெதடிஸ்த மிஷன் தொடங்கிய யாழ்ப்பாணம் வேம்படிப் பள்ளிக்கூடத்தில். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லி சகோதரர்களைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். இந்தப் பெயரை ஒருவரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து தேடித் தேடி வாசித்தேன். பாபராவின் கதை அவர் பிறப்பதற்கு 25 வருடங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ரைன் நதிப் பக்கத்துப் பலற்றினேற் பிரதேசத்தில் பிரெஞ்சுப் படைகள் ஊர் ஊராக எரித்திருந்தன. அதற்குமேல் 1708-09 குளிர்காலம் திராட்சைத் தோட்டங்களையும் கொன்றுவிட்டது. 1709 இல் ஆயிரக்கணக்கான ஜேர்மன் குடும்பங்கள் நதிவழியே இறங்கி லண்டனுக்கு வந்து கூடாரங்களில் கிடந்தார்கள். இங்கிலாந்து அரசுக்கு அவர்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஏறக்குறைய 3,000 பேரை அயர்லாந்துக்கு அனுப்பியது. அவர்களில் ஒரு பகுதியினர் லிமரிக் மாவட்டத்தில் சவுத்வெல் பிரபுவின் காணிகளில் குடியேறினார்கள். அந்தக் காணியில் பலிங்ரேன் என்ற கிராமத்தில் ரக்கிள் குடும்பத்தில் 1734 இல் பிறந்தவர்தான் பாபரா.

ஜோன் வெஸ்லி அந்தக் கிராமங்களுக்குப் பலமுறை போயிருக்கிறார். தங்கள் மொழியில் போதிக்க ஒரு குருவானவரும் இல்லாமல் அரை நூற்றாண்டு கிடந்த அந்த மக்கள் குடியிலும் சண்டையிலும் விழுந்துபோயிருந்ததாகவும், பிறகு முழுதாக மாறிவிட்டதாகவும் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பாபரா 18 வயதில் விசுவாச அறிக்கை செய்து மெதடிஸ்த சங்கத்தில் சேர்ந்தார். அவருடைய மைத்துனர் முறையான பிலிப் எம்பரி தச்சுத் தொழில் செய்தபடி உள்ளூர்ப் போதகராகவும் இருந்தார்.

காணிக் குத்தகை முடிந்து வாடகை ஏறியது. 1760 இல், போல் ஹெக்கைத் திருமணம் செய்த கையோடு, பாபரா கப்பல் ஏறினார். எம்பரி குடும்பமும் அதே கூட்டத்தில் நியூயோர்க் போய்ச் சேர்ந்தது.

சிரக்கியூஸ் தாண்டியபோது மழை பிடித்துக்கொண்டது. இரவு எட்டு மணிக்கு ஜேர்சி சிற்றியில் என் சித்தியின் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். மீன்குழம்பும் புட்டும் வைத்துக் காத்திருந்தாள். இன்றைக்கு இவ்வளவுதான் எழுத முடிகிறது.

இரண்டாம் நாள்: ஜோன் வீதி

ஆற்றுக்கு அடியால் ஓடும் ரயிலில் மன்ஹாட்டனுக்கு வந்து, ஃபுல்டன் வீதியைக் கடந்து நடந்தோம். ஜோன் வீதி ஓர் ஒடுங்கிய தெரு. இரண்டு பக்கமும் வானத்தை மறைக்கும் கட்டடங்கள். 44 ஆம் இலக்கத்தில், அவற்றுக்கு நடுவே, முழங்கால் உயரப் பிள்ளை பெரியவர்களுக்கிடையில் நிற்பதுபோல ஒரு கோவில். இந்த இடத்தில் எழும்பிய மூன்றாவது கட்டடம் இது, 1841 ஆம் ஆண்டுடையது. இந்த மண்ணில் முதல் கோவில் 1768 இல் எழுந்தது.

முதலில் அந்தச் சீட்டாட்டக் கதையைச் சொல்லிவிடுகிறேன். வாய்வழியாக வந்து பிறகு எழுத்தில் ஏறிய கதை இது, ஆளுக்கு ஆள் சற்று மாறும். நியூயோர்க்குக்கு வந்து ஆறு வருடம். எம்பரி ஒரு நாளும் பிரசங்கிக்கவில்லை. தச்சு வேலை, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தல் என்று இருந்துவிட்டார். கூட வந்த அயர்லாந்துக்காரர்களும் பழையதை மெல்ல மறந்துகொண்டிருந்தார்கள். 1766 இல் ஒருநாள் அவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்த அறைக்குள் பாபரா போனார். மேசையிலிருந்த சீட்டுகளைக் கையால் வாரி நெருப்பில் போட்டார். அங்கிருந்து நேரே எம்பரியின் வீட்டுக்கு நடந்தார். நீ எங்களுக்குப் பிரசங்கிக்க வேண்டும், இல்லாவிட்டால் நாங்கள் எல்லோரும் அழிந்துபோவோம், எங்கள் இரத்தப்பழியைத் தேவன் உன்னிடம் கேட்பார் என்றார். எனக்குக் கோவிலும் இல்லை, சபையும் இல்லையே என்றார் எம்பரி. உன் வீட்டில், உன்னோடு இருப்பவர்களுக்குச் சொல் என்றார் பாபரா.

சீட்டு நெருப்பில் எரிந்ததைத்தான் எல்லோரும் ரசித்துச் சொல்கிறார்கள். எனக்கு அதைவிட அவருடைய கடைசிப் பதில்தான் பெரிதாகத் தெரிகிறது. கோவில் கட்டிவிட்டுத் தொடங்குவோம், ஆட்கள் சேர்ந்தபிறகு தொடங்குவோம் என்று ஒரு வார்த்தை இல்லை. இருக்கிற வீடு, இருக்கிற ஆட்கள். அன்று முதல் ஆராதனைக்கு அவரே ஆட்களைக் கூட்டிவந்தார். மொத்தம் ஐந்து பேர்: எம்பரி, போல், பாபரா, ஜோன் லோறன்ஸ் என்ற வேலையாள், பெற்றி என்ற கறுப்பினப் பணிப்பெண்.

பெற்றியிடம் நான் இன்று அதிக நேரம் நின்றேன். ஹெக் குடும்பத்தில் அடிமையாக வேலை செய்த பெண் அவர். ஒரு முதற்பெயர் மட்டுமே நம் கைக்கு வந்திருக்கிறது. அமெரிக்க மெதடிசத்தின் முதல் ஆராதனையில் ஐந்தில் ஒருவர் அடிமைப்பட்ட ஆபிரிக்கப் பெண் என்பது எவ்வளவு பெரிய விஷயம். அவரைக் கூட்டிவந்து பக்கத்தில் உட்காரவைத்த பாபராவின் வீட்டில்தான் அவர் அடிமையாகவும் இருந்தார். அதையும் சொல்லாமல் பாபராவைப் புகழ என் மனம் ஒப்பவில்லை.

கூட்டம் பெருகியது. 1767 இல் கப்டன் தோமஸ் வெப் வந்து சேர்ந்தார். போரில் ஒரு கண்ணை இழந்த பிரித்தானிய அதிகாரி, கண்ணுக்கு மேல் ஒரு பட்டி. சிவப்புச் சீருடையோடு வந்து, வாளை மேசைமேல் வைத்துவிட்டுப் பிரசங்கிப்பார். அவரைப் பார்க்கவென்றே ஆட்கள் வந்தார்கள். வீடு போதாமல், பாய்மரக் கயிறுகள் தைக்கும் ஒரு மாடியறையை வாடகைக்கு எடுத்தார்கள். அதுவும் போதவில்லை.

கோவில் கட்டவேண்டும் என்று சொன்னதும் பாபராதான். ஜெபத்தில் இருந்தபோது கட்டடத்தின் அமைப்புத் தன் மனதில் வந்ததாகச் சொன்னாராம். நன்கொடைப் பட்டியலில் ஏறக்குறைய 250 பெயர்கள். நகரத்தின் பெரிய மனிதர்களும் இருக்கிறார்கள், அடிமை வேலையாட்களும் இருக்கிறார்கள். வெப் 30 பவுண் கொடுத்தார், எல்லாவற்றிலும் பெரிய தொகை அதுதான். கல்லால் கட்டி, நீலச் சாந்து பூசிய கட்டடம், 60 அடிக்கு 42 அடி. அரச சபையான அங்கிலிக்கன் சபையைச் சேராதவர்கள் அப்போது முறையான கோவில் கட்டமுடியாது. அதற்காக உள்ளே ஓர் அடுப்பும் புகைபோக்கியும் வைத்து, சட்டப்படி அதை வீடாக்கிவிட்டார்கள். மேல்தட்டுக்கு ஏணியால் ஏறவேண்டும். வாங்குகளுக்குச் சாய்மானம் இல்லை. எம்பரி தன் கையால் பிரசங்க மேடையைச் செய்தார். பாபரா சுவருக்கு வெள்ளையடித்தார்.

1768 ஒக்ரோபர் 30 இல் பிரதிஷ்டை. எம்பரி எடுத்த வசனம் ஓசியா பத்தாம் அதிகாரம்: “உங்கள் தரிசுநிலத்தைப் பண்படுத்துங்கள்.”

அந்தத் தேதியை வாசித்ததும் மகள் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அது நாங்கள் சொல்லக் கேட்ட தேதி. எனக்கு அது 1995. ஒக்ரோபர் 30 இரவு, மழை, இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாணமே ஒரே வீதியில் இறங்கி நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தது. சைக்கிளைத் தள்ளக்கூட இடமில்லை. எனக்கு அப்போது 24 வயது. கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஆறு குடும்பங்களோடு ஒதுங்கினோம். இரண்டாம் நாள் மாலை அம்மா எழும்பி, இருந்த இரண்டு வாங்குகளை எதிரெதிரே போட்டார். தெரிந்த கீர்த்தனை ஒன்றைத் தொடங்கினார். முதலில் நானும் தம்பியும் மட்டும். மூன்றாம் நாள் பக்கத்து வகுப்பறையிலிருந்து ஒரு கிழவி வந்தார். அவர் சைவம். “பாட்டுக் கேக்க நல்லாயிருந்தது பிள்ளை” என்று சொல்லிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அம்மாவுக்குப் பாபராவைப் பற்றி எதுவும் தெரியாது. குருவானவர் இல்லை, கோவில் இல்லை, பாட்டுப்புத்தகம்கூட வீட்டில் விடுபட்டுவிட்டது. இருக்கிற அறை, இருக்கிற ஆட்கள்.

கோவிலின் கீழ்த்தளத்தில் சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. வெஸ்லி அனுப்பியதாகச் சொல்லும் கடிகாரம், எம்பரி செய்த மேடை, சபையார் சேர்ந்து உண்ணும் அன்பின் விருந்துக்குப் பயன்பட்ட கோப்பைகள். பொறுப்பாக இருந்த முதியவர் நாங்கள் இலங்கைத் தமிழர் என்றதும் ஆச்சரியப்பட்டார். 1814 இலேயே வெஸ்லியன் மிஷனரிகள் யாழ்ப்பாணம் வந்துவிட்டார்கள் என்றும், அங்கே முதலில் வந்த இருவரில் ஒருவரான ஜேம்ஸ் லிஞ்ச் அயர்லாந்துக்காரர் என்றும் மகள் அவருக்கு விளக்கினாள். வழிநெடுக நான் சொல்லிக்கொண்டு வந்ததையெல்லாம் அவள் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறாள்.

பீற்றர் வில்லியம்ஸையும் சொல்லவேண்டும். இந்தக் கோவிலைப் பராமரித்தவர். அவரும் அடிமை. அவருடைய எஜமான் 1783 இல் நாட்டைவிட்டுப் போனபோது சபையின் தர்மகர்த்தாக்கள் 40 பவுண் கொடுத்து அவரை வாங்கினார்கள். ஒரு கோவில் ஒரு மனிதரை விலைக்கு வாங்கியது என்பதை இரண்டு தடவை வாசித்தேன். அவர் அந்தப் பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்து விடுதலை பெற்றார், புகையிலை வியாபாரத்தில் முன்னேறினார். கறுப்பினத்தவரை ஒதுக்கி உட்காரவைப்பது பொறுக்காமல், ஜேம்ஸ் வாரிக் முதலியவர்களோடு சேர்ந்து 1796 இல் தனிக்கூட்டம் தொடங்கினார். அதுதான் ஆபிரிக்க மெதடிஸ்த எப்பிஸ்கோப்பல் சீயோன் சபையாக வளர்ந்தது. பெற்றி உட்கார்ந்த இடத்திலிருந்து போட்ட ஒரு கோடு அங்கே போய்ச் சேர்கிறது என்று நான் நினைக்கிறேன்.

மூன்றாம் நாள்: கேம்பிரிட்ஜ்

நியூயோர்க் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் ஊருக்கு, ஹட்சன் நதிப் பக்கமாக வடக்கே நான்கு மணி நேரம். அல்பனியைத் தாண்டியதும் நிலம் மெத்தை மெத்தையாக எழும்பி இறங்குகிறது. சோளக்காடு, பசுக்கள், சிவப்புக் களஞ்சியங்கள். வெர்மொண்ட் எல்லை கிட்டத்தான்.

ஜோன் வீதிக் கோவில் எழும்பி இரண்டு வருடத்தில் எம்பரி நியூயோர்க்கை விட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டார். ஹெக் குடும்பமும் பிறகு வந்தது. சணல் பயிரிட்டு லினன் நெய்யலாம் என்ற எண்ணம். அயர்லாந்தில் கற்ற தொழில் அது. கட்டிய கோவிலைவிட்டு ஏன் வந்தார்கள் என்று மகள் கேட்டாள். தலைமுறை தலைமுறையாகக் குத்தகைக்காரராகவே கழித்தவர்களுக்குக் காணி என்ற சொல் எப்படிக் கேட்டிருக்கும் என்று நான் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. எங்கள் வீட்டில் மானிப்பாய்க் காணி பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

வந்த இடத்திலும் ஒரு சங்கம் தொடங்கியது. பக்கத்தில் ஆஷ்குரோவ் என்ற இடத்தில் அது வேர்பிடித்தது. மெதடிஸ்தர் பழக்கத்தில் சங்கத்தின் உயிரே வகுப்புக் கூட்டம்தான். பிரிஸ்டலில் கோவில் கடனை அடைக்க, வாரம் ஒரு பென்னி சேர்ப்பதற்காக 1742 இல் தொடங்கிய ஏற்பாடு அது. பன்னிரண்டு பேர் வரை ஒரு வகுப்பு, அதற்கு ஒரு தலைவர். காசு சேர்க்கப் போனவர்கள், அந்தக் கிழமை உன் ஆத்துமா எப்படி இருந்தது என்று கேட்கத் தொடங்கினார்கள். குருவானவர் வருடத்துக்கு ஒருமுறை குதிரையில் வந்துபோகிற காட்டிலும் அது நடக்கும். ஒரு வீடும், கேள்வி கேட்க ஓர் ஆளும் போதும். பாபரா போன இடமெல்லாம் சபை முளைத்ததற்குப் பின்னால் இந்த எளிய இயந்திரம் இருந்தது.

எம்பரி 1773 இல் வயலில் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது வெயில் தாங்காமல் விழுந்து இறந்தார். 44 வயதுகூட நிறைந்ததோ என்னவோ. அவருடைய உடல் இரண்டு தடவை இடம் மாறி, இப்போது கேம்பிரிட்ஜ் ஊரின் உட்லண்ட்ஸ் மயானத்தில் இருக்கிறது. பெரிய நினைவுத்தூண் வைத்திருக்கிறார்கள். மதிய வெயிலில் போய் நின்றோம். எங்களைத் தவிர ஓர் ஆளும் இல்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். அமெரிக்காவில் மெதடிசத்தை யார் முதலில் தொடங்கினார்கள் என்பதில் வழக்கு உண்டு. மேரிலாந்தில் றொபேட் ஸ்ற்றோபிரிட்ஜ் இவர்களுக்கு முன்பே பிரசங்கித்தார் என்று சொல்கிறவர்கள் பலர். அவரும் அயர்லாந்துக்காரர்தான். அங்கே முதன்முதலில் மனந்திரும்பியவர் ஜோன் எவன்ஸ். அவரை வழிப்படுத்தியது றொபேட் வீட்டில் இல்லாத நேரத்தில் அவருடைய மனைவி எலிசபெத் என்பார்கள். ஆகவே வழக்கு எந்தப் பக்கம் முடிந்தாலும் முதலாவதாக நிற்பது ஒரு பெண்தான். இதில் எனக்கு மிகுந்த சந்தோஷம்.

இரவு ஊருக்கு வெளியே ஒரு மொட்டலில் தங்கினோம். அறையில் மைக்ரோவேவ் இருந்தது. மிச்ச இடியப்பத்தைச் சூடாக்கிச் சாப்பிட்டோம்.

நான்காம் நாள்: எல்லைக்கு

இன்று முழுவதும் பயணம். அடிரொண்டாக் மலைகளுக்குள்ளால் வடமேற்கே போனோம். பைன் மரங்கள், ஏரி, மறுபடி பைன் மரங்கள். கைப்பேசிக்குச் சிக்னல் இல்லை.

இதே மலைகளின் அருகால்தான் அவர்களும் ஓடியிருக்கவேண்டும். அமெரிக்கச் சுதந்திரப் போர் தொடங்கியபோது வெஸ்லி பிரித்தானிய மன்னரின் பக்கம் எழுதினார். அதனால் மெதடிஸ்தர் எல்லோர் மேலும் சந்தேகம் விழுந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த போதகர்கள் பெரும்பாலும் திரும்பிவிட்டார்கள், பிரான்சிஸ் அஸ்பரி மட்டும் விடாப்பிடியாக நின்றார். ஹெக் குடும்பம் மன்னருக்கு விசுவாசமாக இருந்தது. 1777 இல் பிரித்தானிய ஜெனரல் பேர்கோயினின் படை கனடாவிலிருந்து இறங்கி வந்தபோது போல் ஹெக் அதில் சேர்ந்தார். சரற்றோகாவில் அந்தப் படை சரணடைந்தது. பிறகு சொந்த ஊரிலேயே அவர்கள் எதிரிகள். காணி பறிபோனது. குடும்பம் மொன்றியல் பக்கம் வந்து அகதியாக நின்றது.

பாபராவுக்கு அப்போது 43 வயது. தாத்தா பாட்டி ரைன் நதிக்கரையை விட்டார்கள். இவர் அயர்லாந்தை விட்டார், நியூயோர்க்கை விட்டார், இப்போது இதையும் விட்டார். நாம் சுதந்திரப் போரை எப்போதும் வென்றவர்களின் பக்கமிருந்தே படிக்கிறோம். தோற்ற பக்கத்தில் நின்ற ஒரு தாய் பிள்ளைகளோடு வடக்கே வருவதை இந்த வீதியில் வரும்போது நினைத்துப் பார்க்க முடிந்தது. இதில் எந்தப் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பிள்ளைக்கு என்ன உடுப்பு எடுத்தார், எதைவிட்டு வந்தார் என்பதுதான் எனக்கு ஓடியது.

மாலையில் ஒக்டன்ஸ்பேர்க் பாலத்துக்கு வந்தோம். கீழே சென். லோறன்ஸ், ஒரு பெரிய சரக்குக் கப்பல் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. எல்லை அதிகாரி எங்கே போனீர்கள், எதற்கு என்று கேட்டார். ஒரு பெண்ணின் வழியைத் தேடிப் போனோம் என்று மகள் சொன்னாள். அவர் கடவுச்சீட்டுகளைத் திருப்பித் தந்துவிட்டுச் சிரித்தார்.

ஐந்தாம் நாள்: நீலக் கோவில்

விடிய ஏழு மணிக்கே மயானத்துக்கு வந்துவிட்டோம். ஆற்றிலிருந்து பனி எழும்பிக்கொண்டிருந்தது. பிரெஸ்கொற்றில் ஒரு கடைவாசலில் வாங்கிய இரண்டு கட்டு வெள்ளைப் பூக்கள் மகளின் கையில்.

1785 இல் ஹெக் குடும்பத்துக்கு இங்கே ஒகஸ்ரா பகுதியில் காணி கிடைத்தது. அரச விசுவாசிகளுக்கென்று அளந்து கொடுத்த காடு. மரம் வெட்டி, குற்றிகளை எரித்து, மரக்குடில் போட்டார்கள். அதற்குள்ளேயே மறுபடியும் ஒரு வகுப்புக் கூட்டம். மேல் கனடாவின், அதாவது இன்றைய ஒன்ராறியோவின், முதல் மெதடிஸ்த வகுப்பு என்று இதைத்தான் சொல்கிறார்கள். தலைவர் சாமுவேல் எம்பரி, பிலிப்பின் மகன். பிலிப்பின் விதவை பிறகு மணந்தது ஜோன் லோறன்ஸை. ஆம், அந்த முதல் ஐந்து பேரில் ஒருவரான அதே வேலையாள். அவர்களும் இங்கே வந்து சேர்ந்தார்கள். 1766 இல் எம்பரியின் வீட்டில் உட்கார்ந்திருந்த ஐவரில் மூவர், இருபது வருடத்துக்குப் பிறகு, வேறொரு நாட்டில், காட்டு நடுவில் ஒன்றாக உட்கார்ந்து ஜெபித்திருக்கிறார்கள். எம்பரி இல்லை. பெற்றி இல்லை. வில்லியம் லோசி என்ற முதல் சுற்றுப் போதகர் 1790 களின் தொடக்கத்தில் குதிரையில் இந்தப் பக்கம் வந்தபோது, அவர் புதிதாக விதைக்கவேண்டி இருக்கவில்லை. கூட்டம் ஏற்கெனவே இருந்தது.

நீலக் கோவில் மெதடிஸ்தருடையது அல்ல, அங்கிலிக்கன் சபையுடையது. இப்போதுள்ள சிறிய மரக்கட்டடம் 1845 இல் கட்டியது. பாபரா இதைக் கண்டதில்லை. ஆனால் அவர் வெள்ளையடித்த ஜோன் வீதிக் கோவிலின் வெளிச்சுவரும் நீலம்தான் என்பது நேற்றிரவு படுக்கையில் ஞாபகம் வந்தது. அதற்குமேல் அதில் அர்த்தம் தேடவில்லை. பார்க்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

கருங்கல் நினைவுச்சின்னம் 1909 இல் வைத்தது. சிக்காகோவுக்குப் பக்கத்தில் எவன்ஸ்டனில் இருந்த வேதசாத்திரப் பள்ளியில், மெதடிசத்தின் நூற்றாண்டையொட்டி 1866 இல் பெண்கள் காசு சேர்த்து ஹெக் மண்டபம் என்று ஒன்றைக் கட்டினார்கள். ஆண்கள் குருமாராகப் படித்த இடம். அதைக் கட்டிய பெண்கள் யாரும் அன்று அந்தப் பட்டத்துக்குப் போயிருக்க முடியாது. பாபராவின் பெயர் பெரிதானதும் இப்படித்தான், அவரை ‘அமெரிக்க மெதடிசத்தின் தாய்’ என்று அழைத்தார்கள். எனக்கு அந்தப் பட்டத்தில் ஒரு சிறு மனக்குறை. தாய் என்று சொன்னதும் நாம் அன்பையும் பொறுமையையும் மட்டும் நினைத்துக்கொள்கிறோம். இவர் ஆட்களைச் சேர்த்தவர், இடம் பார்த்தவர், கட்டட அமைப்பைச் சொன்னவர், தயங்கிய போதகரைத் தட்டி எழுப்பியவர். நம் ஊரில் இதையெல்லாம் ஓர் ஆண் செய்திருந்தால் அவரைத் தாபகர் என்றுதான் எழுதுவோம்.

அவர் ஒரு கடிதமும் விட்டுச் செல்லவில்லை. அவர் கைப்பட எழுதிய ஒரு வரி இல்லை. நமக்குத் தெரிந்ததெல்லாம் மற்றவர்கள் சொன்னது. இந்த ஐந்து நாளும் என்னை அரித்தது இதுதான். அம்மா கொடிகாமத்துப் பள்ளிக்கூடத்தில் செய்ததும் எங்கும் எழுதியில்லை. அதனால்தான் இரண்டாம் நாள் பதிவில் எழுதினேன். இனி அது எழுத்தில் இருக்கும்.

1804 ஒகஸ்ற் 17. மகன் வீட்டில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாபரா இறந்தார். 70 வயது. மடியில் வேதாகமம் திறந்தபடி கிடந்தது. ஜேர்மன் வேதாகமம்.

மகள் பூக்களைப் பிரித்தாள். ஒரு கட்டைப் பாபராவின் கல்லடியில் வைத்தோம். மற்றக் கட்டில் பாதி அம்மாவுக்காக. மிச்சப் பாதியை என்ன செய்வது என்று கேட்டாள். “பெற்றிக்கு” என்றேன். அவருக்கு இங்கே கல் இல்லை. மகள் மதிலோரம் போய், ஆற்றைப் பார்த்தபடி நிலத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

அங்கிருந்தே அம்மாவுக்கு எடுத்தேன். பூ வைத்துவிட்டோம் என்றேன். நாற்காலியில் இருந்து, வேதாகமத்தோடு போன கதையைச் சொன்னேன்.

“அது என்ன பாஷை வேதாகமம்?” என்றார் அம்மா.

“ஜேர்மன், அம்மா.”

“அயர்லாந்தில பிறந்த மனிசி எண்டெல்லோ சொன்னனி?”

“ஓம். ரைன் பக்கமிருந்து வந்தவையின்ர பேரப்பிள்ளையள் காலத்திலயும் வீட்டில ஜேர்மன் புத்தகம் இருந்திருக்கு.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, அங்கே சக்கர நாற்காலி போகுமா என்று கேட்டார். வீதியிலிருந்து கல்லறை வரை நடந்து பார்த்தேன். புல்தரை, ஓரிடத்தில் சின்ன மேடு, இரண்டு பேர் பிடித்தால் போகும். ஸ்காபரோவிலிருந்து மூன்றரை மணி நேரம், நடுவில் கிங்ஸ்ரனில் ஒரு தடவை நிறுத்தலாம். பனி கொட்டமுதல், செப்ரெம்பரில் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.